போலந்து மூதாதையரைத் தேடுகிறீர்களா? இறப்பேட்டில் தொடங்குங்கள்

என் மனைவியின் கொள்ளுத்தாத்தா 1887-இல் பிறந்தவர் என்று ஏறக்குறைய இரண்டு வருடம் நம்பிக்கொண்டிருந்தோம். டார்னூஃப் நகருக்குப் பக்கத்துக் கிராமம். கோயில் ஏட்டில் யூசெஃப் என்ற பெயர், அதே அப்பா, அதே அம்மா, அதே வீட்டு எண். ஞானஸ்நானப் பதிவை அச்செடுத்து, சட்டம் போட்டு, சிகாகோவில் மாமியார் வீட்டுக் கூடத்தில் மாட்டியும் ஆகிவிட்டது. பிறகு ஒருநாள் வேறு யாரையோ தேடி அதே பங்கின் (ஒரு கோயிலின் பொறுப்பில் உள்ள ஊர்களின்) இறப்பேட்டைப் புரட்டும்போது அந்த யூசெஃப் கண்ணில் பட்டார். எட்டு மாதக் குழந்தை. இறப்புக்குக் காரணம் வலிப்பு என்று எழுதியிருந்தது. இரண்டு வருடம் கழித்துப் பிறந்த தம்பிக்கும் யூசெஃப் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். கப்பலேறி அமெரிக்கா வந்தவர் அந்தத் தம்பி.

இறந்த பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது அந்தக் காலப் போலந்துக் கிராமங்களில் சாதாரணம். அதனால்தான் புதிதாகத் தேடத் தொடங்குபவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: பிறப்பைப் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். பெரியவரின் இறப்புப் பதிவில் தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள். பிறப்பு ஒன்று கிடைத்தால், அந்தக் குழந்தை பிழைத்ததா என்று அடுத்த பத்து வருட இறப்பேட்டைப் புரட்டிவிட்டு அப்புறம் குடும்ப மரத்தில் எழுதுங்கள்.

சட்டமும் இந்த வழிக்கே கைகொடுக்கிறது. போலந்தில் பிறப்பேடுகள் 100 வருடம் வரைக்கும், திருமண, இறப்பேடுகள் 80 வருடம் வரைக்கும் உள்ளூர்ப் பதிவு அலுவலகத்தில் இருக்கும். அதன் பிறகு அரசு ஆவணக் காப்பகத்துக்குப் போய், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றாகிவிடும். ஆக, ஒருவருடைய பிறப்பு இன்னும் பூட்டிக் கிடக்கும்போதே அவருடைய பெற்றோரின் இறப்பு திறந்து கிடக்கலாம்.

கடலுக்கு இந்தப் பக்கம் முதலில்

அவசரப்பட்டுப் போலந்து ஏடுகளுக்குள் குதிக்க வேண்டாம். 'போலந்தில் பிறந்தார்' என்பது மட்டும் தெரிந்தால் ஒன்றும் ஆகாது. கிராமத்தின் பெயர் வேண்டும். அது பெரும்பாலும் குடியேறிய நாட்டிலேயேதான் கிடைக்கும், அதுவும் சாவுக் காகிதங்களில்.

அமெரிக்காவில் இறந்தவர் என்றால் அரசின் இறப்புச் சான்றிதழ், அடக்கம் செய்த பங்குக் கோயிலின் ஏடு, கல்லறைத் தோட்ட அலுவலகத்தின் பதிவு, போலிஷ் பத்திரிகையில் வந்த மரண அறிவிப்பு, நல்லடக்கச் சங்கம் அல்லது காப்பீட்டுச் சங்கத்தின் கோப்பு ஆகிய ஐந்தையும் தேடிப் பாருங்கள். சிகாகோ குடும்பங்களுக்கு வேலை எளிது. இல்லினாய் மாநிலத்தின் 1916 முதல் 1950 வரையான இறப்புகளுக்கு இணையத்தில் இலவச அட்டவணை இருக்கிறது. நைல்ஸ் ஊரில் 1872-இல் போலிஷ் கத்தோலிக்கர்களுக்காகத் தொடங்கிய புனித அடால்பர்ட் கல்லறைத் தோட்டத்தில் பழைய குடும்பங்கள் ஏராளம். அங்குள்ள கற்களில் சிலவற்றில் பிறந்த ஊரையே செதுக்கியிருப்பார்கள். டிஸென்னிக் சிகாகோஸ்கி என்ற நாளிதழ் 1890 முதல் 1971 வரை வந்தது. அதில் வந்த மரண அறிவிப்புகளுக்கு அமெரிக்கப் போலிஷ் வம்சாவளிச் சங்கம் அட்டவணை தயாரித்து வைத்திருக்கிறது.

அரசுச் சான்றிதழில் ஒரு சிக்கல் உண்டு. அதில் உள்ள விவரத்தைச் சொன்னவர் இறந்தவர் அல்ல, துக்கத்தில் இருந்த மகனோ மருமகனோ. பாட்டியின் பிறந்த வீட்டுப் பெயர் அவருக்குச் சரியாகத் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. 'பிறந்த நாடு' என்ற இடத்தில் ஆஸ்திரியா, ரஷ்யா, ஜெர்மனி என்று இருந்தால் அதைப் பிழை என்று தள்ளிவிடாதீர்கள். அதுதான் அடுத்த படிக்கான சாவி.

மூன்று பேரரசு, மூன்று மாதிரி ஏடு

1772, 1793, 1795 என மூன்று தடவையாகப் போலந்தை ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் பங்கு போட்டுக்கொண்டன. 1918 நவம்பரில்தான் போலந்து மறுபடியும் தனி நாடானது. உங்கள் ஆள் எந்தப் பக்கத்தில் இருந்தார் என்பதைப் பொறுத்து ஏட்டின் மொழியும் அமைப்பும் மாறும். ஆஸ்திரியா என்றால் கலீசியா, அதாவது கிராக்கோ, டார்னூஃப், லிவிவ் வரையான தெற்குப் பகுதி. ஜெர்மனி என்றால் பிரஷ்யப் பகுதி, அதாவது போஸ்னான், சிலேசியா, பால்டிக் கடலோரம். ரஷ்யா என்றால் வார்சா, லூப்ளின், வூட்ஜ் முதலான நடுப்பகுதியும் அதற்குக் கிழக்கே உள்ளவையும்.

கிராமத்தின் பெயர் கிடைத்தவுடன் அது எந்தப் பங்கைச் சேர்ந்தது என்று பாருங்கள். பங்குக்குப் போலிஷில் 'பராஃபியா' என்று பெயர். டொம்ப்ரோவா, நோவா வியெஷ் போன்ற பெயர்களில் எத்தனையோ ஊர்கள் உண்டு. 'நோவா வியெஷ்' என்றால் புதுக்கிராமம், நம் ஊரில் புதூர் என்பதுபோல. பக்கத்து நகரத்தின் பெயரும் கூடத் தெரிந்தால்தான் ஆயிற்று. 1880 முதல் 1902 வரை வெளிவந்த பழைய போலந்து ஊர்ப் பெயர் அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஊருக்கு எதிரே எந்தப் பங்கு என்று பெரும்பாலும் போட்டிருக்கும்.

எங்கே தேடுவது

நான் முதலில் திறப்பது கெனெடெகா தளத்தை. போலந்து வம்சாவளிச் சங்கத்தின் தன்னார்வலர்கள் பெயர் பெயராகத் தட்டச்சு செய்து ஏற்றிய அட்டவணை அது. மாகாணத்தைத் தேர்ந்து, பங்கைத் தேர்ந்து, குடும்பப் பெயரைப் போட்டால் பிறப்பு, திருமணம், இறப்பு என்று மூன்று பட்டியல் வரும். இறப்புக்குப் போலிஷ் சொல் 'ஸ்கோன்'. பன்மையில் 'ஸ்கோனி'. அந்தச் சொல்லை மட்டுமாவது கண் பழகிக்கொள்ளட்டும், எல்லாத் தளங்களிலும் அதுவே வரும்.

தேடும்போது இரண்டாவது பெயருக்கு ஒரு பெட்டி இருப்பதைக் கவனியுங்கள். அப்பாவின் குடும்பப் பெயரையும் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரையும் சேர்த்துப் போட்டுத் தேடினால், அந்தத் தம்பதிக்குப் பிறந்து இறந்த குழந்தைகள் வரிசையாக வந்து நிற்பார்கள். எங்கள் யூசெஃபை முதல் நாளே இப்படித் தேடியிருந்தால் மாமியார் வீட்டுச் சுவரில் தவறான காகிதம் ஏறியிருக்காது.

பெயர் வரவில்லை என்றால் ஆள் இல்லை என்று அர்த்தமில்லை. அந்தப் பங்கின் எந்தெந்த வருடங்களை ஏற்றியிருக்கிறார்கள் என்று அங்கேயே பட்டியல் இருக்கும், அதைப் பாருங்கள். அட்டவணை இல்லாத வருடங்களுக்குப் போலந்து அரசு ஆவணக் காப்பகங்களின் 'ஷுகாய் வ ஆர்கிவாஹ்' தளம், ஃபேமிலிசெர்ச் தளம் இரண்டிலும் ஏட்டின் படங்களையே பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். லூப்ளின் பகுதிக்கு லூப்கென்ஸ், போஸ்னான் பகுதிக்குப் பாசியா, கடலோரப் பகுதிக்குப் பொமெரேனிய வம்சாவளிச் சங்கம் என்று தனி அட்டவணைகள் உண்டு. யூதக் குடும்பங்களுக்கு ஜேஆர்ஐ-போலந்து. பூக் ஆற்றுக்குக் கிழக்கே, இன்று உக்ரைனில் இருக்கும் பங்குகளின் ஏடுகளில் பல வார்சாவில் உள்ள பழைய ஆவணங்களின் தலைமைக் காப்பகத்தில் இருக்கின்றன.

ரஷ்யப் பகுதி ஏடுகளில் வருடக் கடைசியில் பெயர் வரிசை ஒன்று இருக்கும். ஐம்பது பக்கம் புரட்டுவதற்குமுன் அந்தக் கடைசிப் பக்கத்துக்குப் போய் வாருங்கள்.

பெயரை எப்படி எழுதித் தேடுவது என்பதும் முக்கியம். ஸ்கி என்று முடியும் பெயர் பெண்ணுக்கு ஸ்கா ஆகும். சில பகுதிகளில் மனைவியின் பெயர் ஓவா என்றும் மகளின் பெயர் உவ்னா என்றும் நீளும். லத்தீன் ஏட்டில் வோய்ச்சேஹ் என்பவர் அடால்பெர்ட்டுஸ். அமெரிக்காவில் வ்வாடிஸ்வாவ் வால்டர் ஆனார், செஸ்வாவ் செஸ்டர் ஆனார், ஸ்டானிஸ்வாவ் ஸ்டான்லி ஆனார். குறுக்கே கோடு போட்ட எல் எழுத்துக்கு நம் 'வ' ஒலி. அந்தக் கோட்டை அமெரிக்க எழுத்தர்கள் விட்டுவிடுவார்கள், இல்லையென்றால் டி என்று வாசித்துவிடுவார்கள். மூன்று விதமாகவும் தேடிப் பாருங்கள்.

பதிவை வாசிப்பது

இங்கேதான் பலர் மலைத்துப் போகிறார்கள். மொழி தெரியவில்லையே என்ற பயம். ஆனால் இந்த ஏடுகள் எல்லாம் வாய்ப்பாடு மாதிரி. ஒன்றை உட்கார்ந்து பிரித்துவிட்டால் அடுத்த ஆயிரத்தையும் வாசித்துவிடலாம்.

ரஷ்யப் பகுதியின் நடுப் போலந்தில் 1808 முதல் பதிவை ஒரு பத்தியாக எழுதினார்கள். நெப்போலியன் காலச் சட்டம் கொண்டுவந்த பழக்கம் அது. 1826 முதல் ஒவ்வொரு மதத்துக்கும் தனி ஏடு. அதற்கு முன் பங்குச் சாமியாரே எல்லாருக்கும் பதிவாளர், ஆகவே 1825 வரையிலான யூதக் குடும்பங்களையும் கத்தோலிக்கப் பங்கின் ஏட்டிலேயே தேட வேண்டும். ஒரு இறப்புப் பதிவு தமிழில் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"நடந்தது இன்ன ஊரில், 1853-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஆறாம் நாள் காலை பத்து மணிக்கு. இன்னார், வயது நாற்பது, இன்னார், வயது முப்பத்தைந்து, இருவரும் இன்ன கிராமத்து உழவர்கள், நேரில் வந்து, நேற்று முன்தினம் இரவு பதினொரு மணிக்கு இன்னார் இறந்தார் என்று தெரிவித்தார்கள். கூலிக்காரர், வயது அறுபது, காலஞ்சென்ற இன்னார் இன்னார் தம்பதியின் மகன். தமக்குப் பின் விதவை மனைவி இன்னாரை விட்டுச் சென்றார். இறப்பைக் கண்ணால் கண்டு உறுதிசெய்த பின், வந்தவர்களுக்கு எழுதத் தெரியாததால் வாசித்துக் காட்டி நாமே கையொப்பமிட்டோம்."

இதில் புதியவர்கள் தடுக்கி விழும் இடங்கள் உண்டு. முதலில் வரும் தேதி பதிவு செய்த தேதி. இறந்த தேதி உள்ளே, 'நேற்று' என்றோ 'நேற்று முன்தினம்' என்றோ ஒளிந்திருக்கும். வந்து சொன்ன இருவரும் சொந்தக்காரர்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம், எல்லாப் பதிவிலும் தலைகாட்டும் கோயில் ஊழியராக இருக்கலாம். முன்னும் பின்னும் நாலு பதிவு பார்த்தால் தெரிந்துவிடும். வயதை நம்பவே வேண்டாம். அறுபது என்றால் ஐம்பத்து மூன்றாகவும் இருக்கலாம், அறுபத்தெட்டாகவும் இருக்கலாம். பிறந்த வருடம் யாரிடமும் எழுத்தில் இல்லாத காலம். நம்பத்தக்கது பெற்றோரின் பெயரும், 'ஸ் டோமு' என்ற சொல்லுக்குப் பின் வரும் பிறந்த வீட்டுப் பெயரும். அதுவும் சாட்சிக்குத் தெரிந்த அளவுதான்.

1868 முதல் இதே பத்தியை ரஷ்ய மொழியில் எழுத வேண்டும் என்று உத்தரவு வந்தது. பக்கம் முழுக்க சிரிலிக் எழுத்தாகத் தெரியும். ஆனால் ஆளின் பெயரை ரஷ்யத்தில் எழுதிவிட்டு, அடுத்தே அடைப்புக்குறிக்குள் போலிஷிலும் எழுதிவைத்தார்கள். கண்ணை ஓடவிட்டு அந்தப் பழக்கமான எழுத்துகளை மட்டும் தேடுங்கள். தேதியும் இரண்டு இருக்கும், ரஷ்யாவின் பழைய நாட்காட்டிப்படி ஒன்று, நம்முடையபடி ஒன்று. 19-ஆம் நூற்றாண்டில் இரண்டுக்கும் 12 நாள் வித்தியாசம். பின்னால் வரும் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிரஷ்யப் பகுதியில் 1874 அக்டோபர் 1 முதல் அரசுப் பதிவு அலுவலகங்கள் வந்தன. அச்சடித்த ஜெர்மன் படிவம், நடுவில் கையெழுத்து. அச்சு வாசகம் மாறாது என்பதால் எந்த இடத்தில் எது வரும் என்று பத்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும். பழைய ஜெர்மன் கையெழுத்துக்குத்தான் கொஞ்சம் பழக்கம் வேண்டும்.

என் மனதுக்கு நெருக்கமானது கலீசிய ஏடு. இரண்டாம் யோசேப்புப் பேரரசர் 1784-இல் கட்டளையிட்ட அமைப்பு. லத்தீன் தலைப்புகளோடு கட்டம் கட்டமாக இருக்கும்: இறந்த நாள், அடக்கம் செய்த நாள், வீட்டு எண், பெயர், மதம், ஆணா பெண்ணா, வயது, நோய். சொற்கள் குறைவு. பெரியவர்களின் பெற்றோர் பெயர் பல சமயம் இருக்காது. ஆனால் அந்த வீட்டு எண் இருக்கிறதே, அது பொக்கிஷம்.

நான் செய்வதைச் சொல்கிறேன். கிராமத்தின் இறப்பேட்டை எடுத்து, பெயரை மறந்துவிட்டு, நம் வீட்டு எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு நாற்பது வருடம் ஓட்டுவேன். எங்களுக்கு 47. அந்த எண்ணுக்கு எதிரே வந்த அத்தனை பெயரையும் ஒரு தாளில் எழுதினேன். 1847-இல் மூன்று மாத இடைவெளியில் நாலு பேர். கலீசியாவில் பஞ்சமும் டைஃபஸ் காய்ச்சலும் சேர்ந்து வந்த வருடம் அது. கிழவர் ஒருவர், இரண்டு பிள்ளைகள், கடைசியாக அவர்களின் தாய். அடுத்த வருடத் திருமண ஏட்டில் அதே 47-இலிருந்து மனைவியை இழந்தவர் ஒருவர் மறுமணம் செய்துகொள்கிறார். அந்த இரண்டாம் தாரத்தின் பேரன்தான் எங்கள் கொள்ளுத்தாத்தா. ஞானஸ்நானப் பதிவுகளை மட்டும் பார்த்திருந்தால் அந்த முதல் மனைவி இருந்ததே எங்களுக்குத் தெரிந்திருக்காது.

மறுமணம் என்றதும் இன்னொன்று. ரஷ்யப் பகுதியில் திருமணத்துக்காகக் கொடுத்த துணைக் காகிதங்களைத் தனியாகக் கட்டி வைத்தார்கள். 'அலெகாட்டா' என்று பெயர். மணமகன் மனைவியை இழந்தவர் என்றால் முதல் மனைவியின் இறப்புச் சான்று அதில் இருக்கும். சில சமயம் பெற்றோரின் இறப்புச் சான்றும் இருக்கும். ஏடு எரிந்துபோன ஊர்களில் இந்தக் கட்டுதான் மிச்சம்.

எண்பது வருடத்துக்குள் இறந்தவர்கள்

ஊரின் பதிவு அலுவலகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். நேர் வாரிசுகள், உடன்பிறந்தவர், வாழ்க்கைத் துணை ஆகியோர் கேட்டால் தருவார்கள். மற்றவர்கள் சட்டப்படியான தேவையைக் காட்ட வேண்டும். இரண்டு விதப் படி உண்டு. சுருக்கப் படிக்கு 22 ஸ்வோட்டி, முழுப் படிக்கு 33 ஸ்வோட்டி. வம்சாவளித் தேடலுக்கு முழுப் படியைத்தான் கேளுங்கள். அதற்கு 'ஓட்பிஸ் ஸுபெவ்னி' என்று பெயர். வெளிநாட்டில் இருப்பவர்கள் போலந்துத் தூதரகம் வழியாகக் கேட்கலாம். வாரிசு என்பதைக் காட்டும் சான்றிதழ்களைச் சங்கிலி விடுபடாமல் இணைத்து அனுப்புங்கள்.

கல்லறையைத் தேடிப் போவதற்குமுன்

இதை மனதைத் தேற்றிக்கொண்டு படியுங்கள். போலந்தில் சாதாரண மண் கல்லறைக்கு 20 வருடக் கணக்கு உண்டு. 1959-ஆம் வருடக் கல்லறைச் சட்டப்படி 20 வருடத்துக்குள் அதே குழியில் வேறொருவரைப் புதைக்கக் கூடாது. அதன் பிறகு குடும்பத்தார் பணம் கட்டிப் புதுப்பிக்காவிட்டால் இடம் வேறொருவருக்குப் போகலாம். ஆகவே 1850-இல் இறந்த உழவரின் கல் கிராமத்தில் நிற்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். வார்சாவின் பொவோன்ஸ்கி (1790), கிராக்கோவின் ராகோவித்ஸ்கி (1803), லிவிவின் லிச்சாகிவ் (1786) போன்ற பெரிய தோட்டங்களில் பழைய கற்கள் நிற்கின்றன, ஆனால் அவை பெரும்பாலும் வசதியுள்ளவர்களுடையவை.

அதற்காகப் போகாமல் இருக்க வேண்டாம். புதுப்பித்து வைத்திருக்கும் கல்லறை என்றால் யாரோ ஒரு சொந்தக்காரர் இன்றும் பணம் கட்டுகிறார் என்று பொருள். கிரோபோநெட் தளத்தில் நூற்றுக்கணக்கான தோட்டங்களைப் பெயர் போட்டுத் தேடலாம், கல்லின் படமும் கிடைக்கும். தோட்ட அலுவலகத்தில் அந்தச் சொந்தக்காரரின் முகவரியைத் தரமாட்டார்கள். உங்கள் கடிதத்தைக் கொடுத்து, அவரிடம் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். கல்லில் முதலில் தெரியும் இரண்டு எழுத்து, 'புனித நினைவுக்குரிய' என்பதன் சுருக்கம், நம்மூர்க் 'காலஞ்சென்ற' மாதிரி. 'இத்தனை வயது வாழ்ந்தார்' என்று மட்டும் இருந்தால் கழித்துப் பார்த்துப் பிறந்த வருடத்தை எட்டலாம். ஊரில் புதிதாக யாராவது இறந்தால் கறுப்புக் கட்டம் போட்ட அறிவிப்பைக் கோயில் வாசலிலும் சுவரிலும் ஒட்டுவார்கள். 'க்லெப்ஸிட்ரா' என்பது அதன் பெயர். நம் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி போலத்தான். அதில் உங்கள் குடும்பப் பெயர் தெரிந்தால் நின்று வாசியுங்கள்.

1945-க்குப் பிறகு எல்லை மேற்கே நகர்ந்தது. லிவிவ் பக்கத்து மக்களில் பலரை வ்ரோத்ஸ்வாஃப் முதலிய மேற்கு நகரங்களுக்குக் குடியேற்றினார்கள். கிழக்கில் பிறந்த தாத்தாவின் கல்லறை மேற்குக் கோடியில் இருந்தால் அதிசயப்பட வேண்டாம்.

போரில் மறைந்தவர்கள்

1939 முதல் 1945 வரை ஜெர்மன் ஆக்கிரமிப்பில் மாண்டவர்களுக்குப் போலந்து தேசிய நினைவு நிறுவனத்தின் பங்களிப்போடு உருவான ஸ்ட்ராட்டி தளம், ஜெர்மனியின் பாட் அரோல்சனில் உள்ள அரோல்சன் காப்பகம் ஆகிய இரண்டையும் பாருங்கள். ஆஷ்விட்ஸில் 1941 ஜூலை முதல் 1943 டிசம்பர் வரையான இறப்பேடுகளில் மிஞ்சியவற்றில் ஏறக்குறைய 69,000 கைதிகளின் பெயர்கள் உள்ளன. அதில் எழுதிய நோயை உண்மையென்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இதய நோய், நிமோனியா என்று கொலைக்குப் பூசிய பெயர்கள் அவை.

சோவியத் பக்கம் நாடு கடத்தியவர்களில் பலர் 1942-இல் ஈரான் வழியாக வெளியேறினார்கள். தெஹ்ரானின் தூலாப் கல்லறைத் தோட்டத்தில் அவர்களின் கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. தப்பியவர்களில் ஒரு பகுதியினர் இந்தியாவுக்கு வந்தார்கள். ஜாம்நகர் அருகே பாலாசடியில் குழந்தைகள் இருந்தார்கள். கோலாப்பூர் அருகே வளிவடே முகாமில் 1943 முதல் 1948 வரை ஏறக்குறைய 5,000 பேர் இருந்தார்கள். கோலாப்பூரில் அவர்களின் கல்லறைகள் இன்றும் இருக்கின்றன. குடும்பத்தில் யாராவது 'இந்தியாவில் இறந்தார்' என்று சொன்னால் அதைக் கட்டுக்கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

எப்போது போவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது நவம்பர் 1. நம் பக்கத்துக் கத்தோலிக்கர்கள் நவம்பர் 2-இல் கல்லறைத் திருநாள் கொண்டாடுவதுபோல, போலந்தில் முதல் நாளே எல்லாரும் தோட்டத்துக்கு வந்துவிடுவார்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளும் அன்று ஊர் திரும்புவார்கள். உங்கள் குடும்பப் பெயர் உள்ள கல்லின் பக்கத்தில் காலையிலிருந்து நின்றாலே போதும், யாராவது வருவார்கள். பாட்டி வழிச் சொந்தம் ஒருவரை நாங்கள் அப்படித்தான் கண்டுபிடித்தோம்.

47-ஆம் எண் வீட்டில் 1847-இல் இறந்த நாலு பேருக்கும் அந்தத் தோட்டத்தில் கல் இல்லை. கல் இல்லாதவர்களுக்காக நடுவில் உள்ள பெரிய சிலுவையின் அடியில் கண்ணாடி விளக்கு ஏற்றுவது அங்கே வழக்கம். மாமியார் தாளில் இருந்த நாலு பெயரையும் வாய்விட்டு வாசிக்க, என் மனைவி நாலு விளக்கு ஏற்றினாள். ஐந்தாவதை, எட்டு மாதக் குழந்தை யூசெஃபுக்காக, மாமியாரே ஏற்றினார்.